படம் பார்த்த பிள்ளை புத்தகத்தை எடுக்குமா?

சிறுவர்களுக்காக எழுதப்பட்ட ஒரு கதையைத் திரைக்கதையாக்கி, நடிகர்களை வைத்தோ, ஓவியமாக வரைந்தோ, கணினியில் உருவாக்கியோ படமாக எடுப்பதைத் தழுவல் என்கிறோம். கேட்க எளிமையான விஷயம்தான். ஆனால் அதைச் சுற்றிப் பெற்றோர்களுக்கு இரண்டு எண்ணங்கள் உண்டு. காட்பாடிப் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளோடு உட்கார்ந்து கதை படிக்கிறவன் என்பதால் இரண்டையும் அடிக்கடி கேட்கிறேன். "படத்தைத்தான் பாத்துட்டானே, இனிமே புக்கு எதுக்கு சார்?" என்பது ஒன்று. "படம் காட்டிப் பழக்கிட்டா படிக்கிற பழக்கமே போயிடும்" என்பது இன்னொன்று. முதலாவது, படமும் புத்தகமும் ஒரே சரக்கு என்று நினைக்கிறது. இரண்டாவது, ஒன்று இன்னொன்றுக்கு எதிரி என்று நினைக்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. படம் பார்த்த ஆசை படிப்பாக மாறுமா என்பதைப் படம் மட்டும் தீர்மானிப்பதில்லை. படம் முடிந்த அந்த வாரத்தில் புத்தகம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்ததா, அதைப் பற்றிப் பேச ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தாரா என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை விளக்க, ஒரு கதை படமாகும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மோக்ளி, மூன்று முடிவுகள்

'ஜங்கிள் புக்'கை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. அமிர்திக் காட்டுக்குச் சுற்றுலா போய் வந்த வேலூர்ப் பிள்ளைகளுக்கு மோக்ளியைத் தெரியும். பெரும்பாலும் படத்தின் வழியாகத் தெரியும். மும்பையில் பிறந்த ருட்யார்ட் கிப்ளிங் அந்தப் புத்தகத்தை 1894-இல் வெளியிட்டார். அது ஒரே நீளக் கதை அல்ல, கதைத் தொகுப்பு. அதில் மோக்ளி வருவது மூன்று கதைகளில் மட்டுமே. மற்ற கதைகளில் பாம்போடு சண்டை போடும் கீரிப்பிள்ளை வருகிறது, யானைப்பாகன் மகன் ஒருவன் வருகிறான். மோக்ளியின் மீதிக் கதைகள் அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் புத்தகத்தில் இருக்கின்றன.

இதை வைத்து டிஸ்னி நிறுவனம் 1967-இல் ஒரு கார்ட்டூன் படம் எடுத்தது. 2016-இல் ஜான் ஃபாவ்ரோ இயக்கத்தில் அதே நிறுவனம் இன்னொரு படம் எடுத்தது. இந்த இரண்டாவது படம் தமிழ் பேசியும் வந்தது. அமெரிக்காவுக்கு ஒரு வாரம் முன்பே இந்தியாவில் வெளியானது. அவ்வளவு காட்டையும் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு ஸ்டுடியோவுக்குள்ளேயே உருவாக்கியிருந்தார்கள்.

இப்போது புத்தகத்தைத் திறந்தால் பிள்ளைகளுக்கு அதிர்ச்சி மேல் அதிர்ச்சி. படத்தில் தேனைத் தேடிக்கொண்டு ஜாலியாகத் திரியும் பாலு கரடி, புத்தகத்தில் கண்டிப்பான வாத்தியார். காட்டுச் சட்டத்தை மோக்ளிக்கு மனப்பாடம் செய்ய வைக்கும், தப்பாகச் சொன்னால் அடியும் விழும். படத்தில் குரங்குகளுக்கு ராஜா உண்டு. புத்தகத்துக் குரங்குகளுக்குத் தலைவனும் இல்லை, சட்டமும் இல்லை. அதனாலேயே மற்ற விலங்குகள் அவற்றை மதிப்பதில்லை. அந்த ராஜாவை 1967 படம் ஒராங்குட்டானாகக் காட்டியது. இந்தியக் காட்டில் ஒராங்குட்டான் ஏது? 2016 படக்காரர்கள் அதை யோசித்து, எப்போதோ அழிந்துபோன ஒரு ராட்சதக் குரங்கினமாக மாற்றினார்கள்.

முடிவைப் பாருங்கள். முதல் புத்தகத்தில் மோக்ளி எருமைக் கூட்டத்தை விரட்டி, புலி ஷேர்கானை மிதிபடச் செய்து கொல்கிறான். ஆனாலும் கிராமத்தார் மந்திரவாதி என்று கல்லெறிந்து விரட்டுகிறார்கள். ஓநாய்க் கூட்டமும் முன்பே அவனை ஒதுக்கியாயிற்று. இரண்டு பக்கமும் இடமில்லாமல், கூடப் பிறந்தவைபோல வளர்ந்த நான்கு ஓநாய்களோடு தனியாக வேட்டையாடப் போகிறான். 1967 படத்தில் தண்ணீர் எடுக்க வந்த ஒரு சிறுமியின் பின்னால் கிராமத்துக்குள் போய்விடுகிறான். 2016 படத்தில் காட்டிலேயே தங்கிவிடுகிறான். ஒன்று, எங்கும் சேராதவனின் கதை. இன்னொன்று, பிள்ளை தன் இனத்தோடு போய்ச் சேர வேண்டும் என்கிற கதை. மூன்றாவது, வளர்ந்த இடமே வீடு என்கிற கதை. பெயர்கள் ஒன்றாக இருந்தாலும் மூன்றும் மூன்று விஷயம் சொல்கின்றன. தழுவல் என்றால் என்ன என்று ஒரு பிள்ளைக்கு விளக்க இந்த மூன்று முடிவுகளே போதும்.

எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் இந்தப் புத்தகத்தில் மலைப்பாம்பு 'கா' வருகிற கதையைச் சத்தமாகப் படித்தோம். குரங்குகள் மோக்ளியைத் தூக்கிப் போய்விட, பாலுவும் கருஞ்சிறுத்தை பகீராவும் உதவி கேட்டுக் காவிடம் போகின்றன. அந்த இடத்தில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "ஐயோ, அதுகிட்ட போகாதீங்க, முழுங்கிடும்" என்று பதறினாள். அவள் பார்த்த படத்தில் கா கண்ணால் மயக்கிப் பையனை விழுங்கப் பார்க்கும் வில்லன். படிக்கப் படிக்க, கா வந்து குரங்குகளை அடித்து மோக்ளியைக் காப்பாற்றியதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப படத்துல ஏன் பொய் சொன்னாங்க?"

அன்றைக்கு அதற்கு மேல் கதை ஓடவில்லை, அந்தக் கேள்வியே ஓடியது. ஒரு பையன், "பாம்பு நல்லதுன்னு சொன்னா படத்துல யாரு பயப்படுவாங்க?" என்றான். இன்னொருவன் புத்தகத்தையே மறுபடி புரட்டி, "இதுலயும் அது முழுசா நல்லது இல்லையே" என்று ஓரிடத்தைக் காட்டினான். சண்டை முடிந்ததும் கா நிலா வெளிச்சத்தில் வளைந்து வளைந்து ஆடுகிறது. மயங்கிய குரங்குகள் ஒவ்வொரு அடியாக அதன் வாயை நோக்கி நடக்கின்றன. பாலுவும் பகீராவும்கூட நடக்கத் தொடங்கிவிடுகின்றன. மோக்ளி தொட்டதும்தான் அவற்றுக்குச் சுயநினைவு வருகிறது. நண்பனாகவும் இருக்கும், பயங்கரமாகவும் இருக்கும் ஒரு பாம்பு. படம் அதில் பயங்கரத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இதைக் கண்டுபிடித்தது அந்தப் பையன்தான், நான் சொல்லிக் கொடுக்கவில்லை. படத்தைப் பார்க்காமல் வந்திருந்தால் அந்தப் பக்கத்தை அவன் இவ்வளவு உன்னிப்பாகப் படித்திருப்பானா என்பது எனக்குச் சந்தேகமே.

ஏன் மாற்றுகிறார்கள்?

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் மாற்றுவதில்லை. முதல் காரணம் நேரம். திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்று சினிமாக்காரர்கள் கணக்குப் போடுவார்கள். இரண்டு மணி நேரப் படத்துக்கு நூற்றிருபது பக்கத் திரைக்கதை. அதிலும் பாதிக்கு வெற்றிடம். முந்நூறு பக்க நாவல் அதற்குள் அடங்க வேண்டுமானால் ஆட்களையும் சம்பவங்களையும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இரண்டாவது காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. மனசுக்குள் நடப்பதைக் கேமராவால் நேராகக் காட்ட முடியாது. "அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்தது, ஆனால் போக வெட்கமாக இருந்தது" என்று எழுத்தாளர் ஒரு வரியில் எழுதிவிடலாம். படத்தில் அதை முகத்தால், இசையால், அல்லது வேறொருவரிடம் பேச வைத்துத்தான் சொல்ல வேண்டும். இத்தாலிக்காரர் கார்லோ கொலோடி எழுதிய மரப்பொம்மை 'பினோக்கியோ' 1883-இல் புத்தகமாக வந்தது. அதில் புத்தி சொல்ல வரும் பேசும் சில்வண்டை பினோக்கியோ சுத்தியலால் அடித்துக் கொன்றுவிடுகிறான், அதுவும் நாலாவது அத்தியாயத்திலேயே. டிஸ்னியின் 1940 படத்தில் அதே சில்வண்டு கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு கடைசிவரை அவன் கூடவே வருகிறது. பொம்மைப் பையனின் மனசாட்சிக்கு அப்படி ஒரு உடம்பும் குரலும் கிடைத்துவிட்டன. சுத்தியலடி பட்ட வண்டு இப்படி முக்கியப் பாத்திரமானது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

மூன்றாவது, கண்ணுக்கு அழகு. ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய 'ஓஸ்' கதையில் சிறுமி டோரதி அணிவது வெள்ளிக் காலணி. 1939-இல் எடுத்த படத்தில் அது மாணிக்கச் சிவப்பாகிவிட்டது. டெக்னிகலர் என்ற புதிய வண்ண முறையில் எடுத்த படம் அது, வெள்ளியை விடச் சிவப்பு பளிச்சென்று தெரியும். இன்றைக்கு உலகமே அந்தக் காலணியைச் சிவப்பாகத்தான் நினைவு வைத்திருக்கிறது.

நாலாவது, யார் பார்க்கப் போகிறார்கள் என்ற யோசனை. 'ஜங்கிள் புக்'குக்கு முதலில் பில் பீட் என்பவர் எழுதிய வரைவு மூலக்கதையை ஓரளவு ஒட்டியே இருந்தது. இது ரொம்ப இருட்டாக இருக்கிறது என்று வால்ட் டிஸ்னி நினைத்தார். பீட் வெளியேறினார், பாட்டும் ஆட்டமும் உள்ளே வந்தன.

எழுத்தாளர்களுக்கு இதெல்லாம் பிடிக்காமல் போவதும் உண்டு. ரோல்ட் டால் தன் சாக்லேட் தொழிற்சாலைக் கதையிலிருந்து 1971-இல் எடுத்த படத்தை வெறுத்தார். அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் ஒரு தழுவல் நல்லதா என்பதை 'புத்தகத்தில் இருப்பது போலவே இருக்கிறதா' என்ற ஒரே கேள்வியால் அளக்கக் கூடாது என்று நினைக்கிறேன். எதை மாற்றினார்கள், மாற்றியதால் கதை இழந்தது என்ன, பெற்றது என்ன என்று கேட்பதே பயனுள்ளது. பத்து வயதுப் பிள்ளையாலும் அதைக் கேட்க முடியும்.

பிள்ளையின் மனசில் நடப்பது

பெரிய குற்றச்சாட்டு ஒன்று உண்டு. படம் பார்த்துவிட்டால் அந்த நடிகரின் முகம்தான் மனசில் நிற்கும், பிள்ளை சொந்தமாகக் கற்பனை செய்யாது என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. படிக்கும்போது நாமே ஆளை உருவாக்குகிறோம், வீட்டை உருவாக்குகிறோம், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது வரை உருவாக்குகிறோம். அது ஒரு உழைப்பு, பழகப் பழக வளர்கிற திறமை. படம் அந்த உழைப்பை நமக்காகச் செய்துவிடுகிறது.

இந்த உழைப்பைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தெத்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பானியப் பெண்மணி எழுதிய 'டோட்டோ-சான்' தமிழில் பல ஆசிரியர்கள் கையில் இருக்கும் புத்தகம். அந்தச் சிறுமி படித்த பள்ளியில் ரயில் பெட்டிகள்தான் வகுப்பறை. அந்தப் பகுதியைப் படித்து முடித்ததும், படம் எதையும் காட்டாமல், வகுப்பறையை வரையச் சொன்னோம். காட்பாடி ஜங்ஷனை ஒட்டி வளர்ந்த பிள்ளைகள் ஜன்னல் கம்பியோடு நீலப் பெட்டி வரைந்தார்கள். ஒருத்தி மேல் பெர்த்தில் மாணவர்களை உட்கார வைத்திருந்தாள். ஒருவன் பெட்டிக்கு வெளியே சுண்டல் விற்கிறவரை நிறுத்தியிருந்தான். ஒரே பத்தியிலிருந்து இத்தனை பெட்டிகள். இந்தக் கதை 2023-இல் ஜப்பானில் அனிமேஷன் படமாக வந்திருக்கிறது. நாளைக்கு இந்தப் பிள்ளைகள் அதைப் பார்த்தாலும், பார்க்கும்போது அவரவர் பெட்டி அவரவரிடம் இருக்கும். முதலில் படம் பார்த்திருந்தால் எல்லாரும் ஜப்பானியப் பெட்டியையே வரைந்திருப்பார்கள்.

அதற்காக முகத்தைத் திணிப்பது சினிமா மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. 'பொன்னியின் செல்வன்' 1950-இல் 'கல்கி' இதழில் தொடராகத் தொடங்கியபோது ஓவியர் மணியம் வந்தியத்தேவனுக்கும் நந்தினிக்கும் முகம் கொடுத்துவிட்டார். நம் தாத்தா பாட்டிகள் அந்தக் கொண்டையையும் அந்தக் கண்களையும் வைத்துத்தான் படித்தார்கள். அவர்களுடைய வாசிப்பு அதனால் கெட்டுப்போகவில்லை.

இப்போது மறுபக்கம். படிக்கத் திணறுகிற பிள்ளைக்குப் படம் என்ன செய்யும்? இதைப் புரிந்துகொள்ள, பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1986-இல் முன்வைத்த ஒரு எளிய கருத்து உதவும். படித்துப் புரிந்துகொள்வது என்பது இரண்டு திறமைகளின் பெருக்கல் என்றார்கள். ஒன்று, எழுத்தைக் கூட்டி வார்த்தையாக வாசிப்பது. இன்னொன்று, காதால் கேட்டாலும் புரியக்கூடிய அளவுக்கு மொழியையும் விஷயத்தையும் அறிந்திருப்பது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதுதான் முக்கியம். ஏதாவது ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம்.

படம் இந்த இரண்டாவது பக்கத்துக்குத் தீனி போடுகிறது. கோட்டை, அகழி, ஒற்றன், பல்லக்கு என்ற வார்த்தைகள் வெறும் எழுத்தாக வரும்போது திகைக்கிற பிள்ளைக்கு, படம் பார்த்த பிறகு அவை பொருளோடு வருகின்றன. யார் யாருக்கு மகன், யார் யாருக்கு எதிரி என்பதும் முன்பே தெரியும். அதனால் அவள் முழுக் கவனத்தையும் வரிகளைப் படிப்பதில் செலுத்தலாம். வேலூர்ப் பிள்ளைகளுக்கு அகழி என்றால் கோட்டையைச் சுற்றித் தண்ணீர் நிற்பது என்று பார்த்தே தெரியும். எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லையே.

ஆனால் முதல் பக்கத்துக்கு, அதாவது எழுத்துக் கூட்டும் திறமைக்கு, படம் தானாக எதுவும் செய்யாது. பத்துப் படம் பார்த்தாலும் 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் பிடிபடாது. இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தவர் உண்டு. பிரிஜ் கோத்தாரி என்பவர், பாட்டு எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் வரிகளைத் திரையின் கீழே ஓடவிட்டால் பார்ப்பவர்கள் தங்களை அறியாமலே படிப்பார்கள் என்று யோசித்து, தூர்தர்ஷனில் சினிமாப் பாட்டுகளுக்கு அதைச் செய்து காட்டினார். வீட்டில் தமிழ்ப் படமோ பாட்டோ ஓடும்போது தமிழ் எழுத்தில் வரிகள் கிடைக்குமானால் போட்டுவிடுங்கள். செலவில்லாத வேலை.

கதை தெரிந்துவிட்டால் சுவை போய்விடுமே என்பார்கள். சின்னப் பிள்ளைகளைக் கவனித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஒரே கதையைத் தினமும் ராத்திரி கேட்கிறார்கள், ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். துப்பறியும் கதைக்கு மட்டும் புத்தகம்தான் முதலில் என்று நானும் பிடிவாதமாக இருக்கிறேன். திருடன் யார் என்று தெரிந்தபின் துப்பு தேடுவதில் என்ன இருக்கிறது?

மேல்பாடிக்குப் பக்கத்தில் ஒரு நாவல்

'பொன்னியின் செல்வன்' சிறுவர் புத்தகம் அல்ல. ஆனால் தமிழ்நாட்டில் பதின்ம வயதில் எடுக்கிற முதல் பெரிய புத்தகம் பலருக்கும் அதுதான். 2022-இலும் 2023-இலும் மணிரத்னம் அதை இரண்டு பாகப் படமாக எடுத்தபோது வேலூரிலும் பெரியவர்களும் பிள்ளைகளும் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். அப்புறம் புத்தகக் கடைகளில் அந்த ஐந்து பாகமும் அடுக்கடுக்காக நின்றன. வீட்டில் பல வருடமாகப் பிரிக்காமல் கிடந்த பாகங்களும் வெளியே வந்தன.

இரண்டு படத்துக்கும் சேர்த்து ஓட்ட நேரம் சுமார் ஐந்தரை மணி. ஐந்து பாக நாவல் அதற்குள் எப்படி அடங்கும்? கடம்பூர் மாளிகையில் வந்தியத்தேவன்மேல் உயிரையே வைத்திருக்கும் மணிமேகலை படத்தில் இல்லவே இல்லை. நாவலின் முடிவில் சோழ அரியணை பற்றி வரும் ஒரு பெரிய ரகசியமும் இல்லை. அது என்ன என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, படம் மட்டும் பார்த்தவர்களுக்காகப் புத்தகத்தில் காத்திருக்கிற விருந்து அது. தொடக்கமும் வேறு. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. கல்கி ஆடிப் பதினெட்டு அன்று, கடல்போல் விரிந்த வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரைமேல் மெதுவாக வருகிற இடத்தில் தொடங்குகிறார். முதல் அத்தியாயத்தில் சண்டையே கிடையாது. படம் பார்த்துவிட்டு வரும் பிள்ளை சில சமயம் இந்த நிதானத்தில்தான் புத்தகத்தை மூடிவிடுகிறான். "எப்ப சார் சண்டை வரும்?" என்று கேட்கிறான். அந்த இடத்தில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து கடம்பூர் மாளிகையின் நள்ளிரவுச் சதிக் கூட்டம் வரை சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டால் போதும். அப்புறம் கையிலிருந்து பிடுங்கிக்கொள்வார்கள்.

வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் தனி உரிமையே உண்டு. காட்பாடி வட்டத்தில் பொன்னையாற்றங்கரையில் இருக்கிறது மேல்பாடி. ஆற்றூரில் இறந்துபோன அரிஞ்சய சோழனுக்கு ராஜராஜன் எழுப்பிய பள்ளிப்படைக் கோயில், அதாவது இறந்த அரசரின் நினைவுக் கோயில், அங்கே இருக்கிறது. அரிஞ்சயன் யார்? நாவலில் கால் முடங்கிப் படுத்திருக்கும் சுந்தர சோழரின் அப்பா. அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில்தான் 949-இல் இளவரசர் ராஜாதித்தர் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டார். அந்தப் போரை நாவல் திரும்பத் திரும்ப நினைவுகூர்கிறது. பக்கத்து ஊர் பஸ் போர்டில் பார்க்கிற பெயர் ஒரு நாவலின் நடுவில் வரும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். படத்தின் வேகத்தில் இந்த ஊர்ப் பெயர்கள் காதில் நிற்பது கடினம். புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு நிற்கலாம்.

இன்னொரு வசதியும் இருந்தது. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையானவை. யாரும் பதிப்பிக்கலாம், மலிவுப் பதிப்புகள் பல உண்டு. மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் முழு நாவலையும் இலவசமாகப் படிக்கலாம். படம் தூண்டிய ஆசை, புத்தகம் கிடைத்ததால் படிப்பாக மாறியது. எனக்கு இதுதான் முக்கியம்.

புத்தகம் இல்லாத படங்கள்

ஏனென்றால் மற்ற இடங்களில் அப்படி நடப்பதில்லை. 1965-இல் ஏவிஎம் தயாரிப்பில் வந்த 'குழந்தையும் தெய்வமும்' படத்தில் குட்டி பத்மினி இரட்டையராக நடித்திருப்பார். பிரிந்த அப்பா அம்மாவைச் சேர்த்துவைக்கும் இரட்டைச் சகோதரிகளின் கதை. அது 1961-இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்திலிருந்து எடுத்தது. அந்தப் படமோ எரிக் கேஸ்ட்னர் என்ற ஜெர்மானியர் 1949-இல் எழுதிய சிறுவர் நாவலிலிருந்து எடுத்தது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு அது புத்தகம். நமக்கு அது கோழியும் கூடும் வருகிற ஒரு பாட்டு. இரண்டு தலைமுறை அந்தக் கதையை ரசித்தது, அதற்குப் பின்னால் ஒரு புத்தகம் இருக்கிறது என்றே நம்மில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

இன்றைக்கும் இதேதான். குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்கு, உலகத்துச் சிறுவர் கதைகள் தமிழ் பேசும் படங்களாக டிவியில் வந்துகொண்டே இருக்கின்றன. மூலப் புத்தகம் ஆங்கிலத்தில் நானூறு ஐநூறு ரூபாய் விலையில் இருக்கும், தமிழில் பல சமயம் இருக்கவே இருக்காது. ஆசை வந்த பிள்ளைக்கு எடுத்துக் கொடுக்க எதுவும் இல்லை. படம் வாசிப்பைக் கெடுத்தது என்று அப்புறம் படத்தின் மேல் பழி போடுகிறோம். இதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

எதிர்த்திசையில் இன்னும் பெரிய குறை. நல்ல தமிழ்ச் சிறுவர் நாவல்கள் இருக்கின்றன, அவற்றைப் படமாக்க ஆளில்லை. வங்காளத்தைப் பாருங்கள். சத்யஜித் ராய் தன் தாத்தா உபேந்திரகிஷோர் சிறுவர்களுக்கு எழுதிய கூபி, பாகா கதையை 1969-இல் படமாக்கினார். அதற்கு முன்பே, 'பதேர் பாஞ்சாலி'யின் சிறுவர் சுருக்கப் பதிப்புக்கு ஓவியம் வரையப் போன இடத்தில்தான் அவருக்கு அந்தக் கதையைப் படமெடுக்கும் எண்ணமே முளைத்தது. ஒரு சிறுவர் பதிப்புக்குப் படம் வரைந்த இளைஞர், 1955-இல் உலகம் வியந்த இயக்குநராக வந்து நின்றார். அங்கே சிறுவர் இலக்கியமும் சினிமாவும் ஒரே வீட்டுக்குள் புழங்கின.

நம் அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்பட விழா என்று மாதத்துக்கு ஒரு நல்ல படம் திரையிடுகிறார்கள். பெரிய காரியம். அந்தப் படத்துக்குப் பின்னால் புத்தகம் இருந்தால், அல்லது அதே விஷயத்தைத் தொடுகிற ஒரு தமிழ்ச் சிறுவர் கதை இருந்தால், அதே வாரம் பள்ளி நூலகத்தில் நாலு பிரதி வெளியே எடுத்து மேசைமேல் வைக்கலாம். பீரோவைப் பூட்டி வைத்துவிட்டுப் படம் மட்டும் காட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

எதை முதலில்?

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. சரளமாகப் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் முதலில். தன் ரயில் பெட்டியைத் தானே வரைந்துகொள்ளட்டும், அப்புறம் படத்தில் போய் ஒப்பிடட்டும். எழுத்துக் கூட்டுவதே சிரமமாக இருக்கிற பிள்ளைக்குப் படம் முதலில் வரட்டும். புத்தகம் கனமாக இருந்தால் அதில் அவளுக்குப் பிடித்த காட்சி வருகிற அத்தியாயத்தை மட்டும் தேடி எடுத்துக் கொடுங்கள். முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

'குட்டி இளவரசன்' போன்ற புத்தகத்துக்கு வேறு வழி. அது தமிழில் 1981-லிருந்து இருக்கிறது. 2015-இல் வந்த படம், மூலக்கதையை நடுவில் வைத்து, அதைப் படிக்கிற ஒரு சிறுமியின் கதையைச் சுற்றிலும் புதிதாகப் பின்னியது. சிறுமியின் உலகத்தைக் கணினியிலும், புத்தகத்தின் உலகத்தைக் காகிதப் பொம்மைகளை நகர்த்திப் படம்பிடித்தும் எடுத்தார்கள். எது புத்தகம், எது புதிது என்று பார்த்தவுடனே தெரிகிறது. மெல்லிய புத்தகம் என்பதால் ஒரு வாரத்துக்குள் இரண்டையும் முடித்துவிடலாம், எது முன்னே வந்தாலும் பரவாயில்லை.

படம் முடிந்ததும் "கதையில் வரும் நீதி என்ன?" என்று மட்டும் கேட்காதீர்கள், பிள்ளைகள் ஓடிவிடுவார்கள். புத்தகத்தில் இருந்து படத்தில் காணாமல் போன ஆள் யார், அவர் இருந்திருந்தால் எந்தக் காட்சி மாறியிருக்கும் என்று கேளுங்கள். நீ எடுத்தால் எங்கே தொடங்குவாய் என்று கேளுங்கள். மணிமேகலை இல்லாததைப் பற்றி எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பேசத் தொடங்கினால் நிறுத்த முடியாது. சிலர் கடைசியில் படம்தான் நல்லாயிருக்கிறது என்று சொல்வார்கள். சொல்லட்டும். எந்தக் காட்சியில், ஏன் என்று கேளுங்கள். காரணம் காட்டப் புத்தகத்தைப் பிரித்துத்தானே ஆக வேண்டும்.